பூதத்தை ஓட்டியது யார்?

அத்தியாயம் பதினான்கு

இரண்டு பல் போன வாய்க்குப் பல் கட்டுவதும், இரண்டு பல் போன பற்சக்கரத்துக்குப் பல் கட்டுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். ஒரே வித்தியாசம், பற்சக்கரம் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து, "கடிச்சா இடிக்குதுங்க" என்று மூக்கால் அழாது.

பாப்பா அப்படித்தான் நம்பினாள். உள்ளங்கையில் இருந்த சக்கரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு பல். ஒன்றுகூடக் குறையில்லை. ஆனால் கறுப்பாக இருந்த சக்கரம் இப்போது பளபளவென்று ரோஜா நிறத்தில் சிரித்தது. பழைய சக்கரத்தை அச்செடுத்து, பல்செட்டுக்கு ஈறு செய்கிற அக்ரிலிக்கில் முழுசாகவே வார்த்திருந்தாள். வேறு நிறப் பொடி அன்றைக்கு அவள் வேலை செய்யும் கூடத்தில் தீர்ந்துபோயிருந்தது.

பாப்பாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. பல்செட் செய்யும் கூடத்தில் அவள்தான் தலைமை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பதே அவள் தயவில்தான். மீதிப் பேர் சிரிக்காமல் இருப்பதும் அவளிடம் இன்னும் போகாததால்தான். அப்படிப்பட்டவள், அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிற ஒரே காரணத்தால் இன்னமும் பாப்பா.

போன செவ்வாய்க்கிழமை அவள் செய்த காரியம் நினைவிருக்கும். அண்ணன் காலை நடைக்குப் போன நேரம் பார்த்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்து பூதத்தை இறக்கி, இன்னும் ஓடுமா என்று பார்க்க, பேட்டரியை மோட்டாரில் நேரடியாகக் கொடுத்தாளே, அதுதான். உள்ளே மசகு கல்லாக இறுகிக் கிடந்தது. "டக்" என்று ஒரு சத்தம். இரண்டு பல் காலி.

பூதம் என்பது முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய ரிமோட் மான்ஸ்டர் டிரக். சிவப்பு உடம்பு, உடம்பைவிடப் பெரிய நாலு டயர், மஞ்சள் ஸ்பிரிங். நீளம் ஒன்றரை முழம்தான். அண்ணன் பேசக் கேட்டால் அது வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று நமக்கே சந்தேகம் வரும்.

அண்ணன் ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். அவர் ஒரு பெட்டியில் ஏறினால், அடுத்த பெட்டியில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் வியர்க்கும். ஒருமுறை அவர் முறைத்ததில், காற்றில் பறந்துபோன டிக்கெட் ஒன்று பயந்து திரும்பி வந்ததாகவே ரயில்வேயில் சொல்வார்கள். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதிப் பொருள்: ஒரிஜினல், டூப்ளிகேட். பூதம் ஒரிஜினல். அதன் ஒரு திருகைக்கூட யாரும் தொட்டதில்லை. தொடவும் விடமாட்டார். தினமும் காலை ஏழு மணிக்குப் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி.

பூதத்தை மாற்றிக் கட்ட ஆசைப்பட்டவன் அந்த வீட்டில் ஒருவன் இருந்தான். சின்னவன். கடைசித் தம்பி. அண்ணன் வாங்கிய வண்டியை உண்மையில் ஓட்டி வளர்த்தவன் அவன்தான். பூதத்தை அவன் தும்மவே வைப்பான். விருட்டென்று அரை விரல் முன்னே, அரை விரல் பின்னே, முன்சக்கரம் ஒரு துள்ளல். அச்சு அசல் ஜலதோஷம் பிடித்த எருமை. வேறு யாருக்கும் அந்த வித்தை வரவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால், "பெரிய மோட்டார் போடலாம்ணா" என்றான் சின்னவன். "தொட்டா கையை எடுத்துடுவேன்" என்றார் அண்ணன். பேச்சு வளர்ந்தது. "அப்ப நீயே ஓட்டிக்கோ, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பூதமும் ஓடவில்லை. "ஓட்டினா தேஞ்சுடும்" என்பது அண்ணன் சொன்ன காரணம்.

இன்றைக்கு அது ஓடியே ஆக வேண்டும். மாலை நாலு மணிக்குப் பழைய வண்டிக்காரர்கள் சங்கத்திலிருந்து ஆள் வருகிறார். சங்கத்தின் ஒரிஜினல் பதிவேட்டில் இடம்பிடிக்க நிபந்தனை ஒன்றே ஒன்று: எதுவும் மாற்றப்படாத வண்டி, சொந்த ரிமோட்டில் பத்து மீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். பேட்டரி மட்டும் புதிதாக இருக்கலாம். அண்ணன் இந்த நாளுக்காக மூன்று மாதமாகக் காத்திருக்கிறார். சட்டையைக்கூட முந்தாநாளே இஸ்திரி போட்டு, அது கலையாமல் இருக்க வீட்டில் யாரையும் அந்தப் பக்கம் வேகமாக நடக்க விடவில்லை.

இப்போது மணி ஏழே கால். அண்ணன் நடைக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகு முடிவெட்டப் போவதாகவும் சொல்லியிருந்தார். பாப்பாவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

பூதத்தை மேஜையில் மல்லாத்தி, கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த சின்ன விளக்கைப் பற்சக்கரப் பெட்டிக்குள் காட்டினாள். போன வாரப் பதற்றத்தில் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது.

உள்ளே இருந்த மூன்று சக்கரத்தில் ஒன்று பித்தளை.

பாப்பா இன்னும் குனிந்தாள். மூக்கு டயரில் இடித்தது. மற்றவை கறுப்பு நைலான். இது மட்டும் தங்கப் பல் மாதிரி மின்னியது. யாரோ பழைய அச்சில் உட்கார வைப்பதற்காக அதன் ஓட்டையைப் பொறுமையாக அரத்தால் பெரிதாக்கியிருந்தார்கள்.

"யாரும்மா உனக்கு இதைக் கட்டினது?" என்றாள் பூதத்திடம்.

"நான்தான்" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

அண்ணி நின்றிருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். கையில் எண்ணெய்க் கிண்ணி. முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அண்ணி பதறி யாரும் பார்த்ததில்லை. வீடே இடிந்து விழுந்தாலும், விழுந்த செங்கல்லை ஒதுக்கிவிட்டு நூல் கோர்ப்பாள்.

"அண்ணி! நீங்களா?"

"கல்யாணம் ஆகி வந்த மூணாவது மாசம். தூசி துடைக்கும்போது கை தவறிக் கீழே விழுந்துச்சு. உள்ள ஒரு கியர் ரெண்டா போச்சு. உங்கண்ணன் ஊர்ல இல்ல. கடையில ஒரு பழைய எம்பிராய்டரி மெஷின் கிடந்துச்சு, அதுல இருந்து ஒண்ணு எடுத்துப் போட்டேன்."

"முப்பது வருஷமா இதுக்குள்ள இருக்கறது எம்பிராய்டரி கியரா?"

"நல்லாத்தானே ஓடுச்சு? முன்னைக்குக் கொஞ்சம் நேரா வேற போச்சு."

"அண்ணன்கிட்ட சொல்லவே இல்லையா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவர் எங்க கேட்டார்? ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நடுவுல புகுந்து பேசறது மரியாதை இல்லையேன்னு விட்டுட்டேன்." அண்ணியின் பார்வை பாப்பாவின் கைக்குப் போனது. "அது என்னடி, பபிள்கம்மா?"

பாப்பா சொல்லி முடிப்பதற்குள் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து ஓய்ந்ததும் எழுந்து, ரோஜாச் சக்கரத்தை வாங்கி, விரலில் சுழற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். "பல்லு சுத்தமா இருக்கு. போடு."

இறுகிய மசகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்கள். பேட்டரியை மோட்டாரில் தொட்டார்கள். நாலு டயரும் சீராகச் சுழன்றன. கடியைச் சோதிப்பது பாப்பாவின் தொழில். ஓட்டத்தைச் சோதிப்பது அண்ணியின் தொழில். இரண்டும் சரியாக இருந்தன. ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரேடியோ என்று ஒன்று இருக்கிறது, அதையும் சோதிக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பயனில்லை. ரிமோட் அண்ணனின் பீரோவில். சாவி அண்ணனின் இடுப்பில்.

"கியர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னா?" என்றாள் பாப்பா.

"உங்கண்ணன் திறக்க விடுவாரா? ரயிலே கவிழ்ந்தாலும் அந்த மனுஷன் திருகுல கை வைக்க விடமாட்டார். அதுதான் நமக்குக் காப்பு."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சங்கத்து ஆள் வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆகையால் பெயரே கண்ணாடிக்காரர். வலது கண்ணில் பூதக்கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செருகிக்கொண்டு, பூதத்தைச் சுற்றி முழந்தாளிட்டே மூன்று முறை வலம் வந்தார். அந்தக் கண்ணுக்குத் தப்பிய கீறல் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள்.

அண்ணி தட்டில் தேநீர் கொண்டுவந்து படியில் வைத்தாள். பாப்பாவுக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம். பல்லை எண்ணியே பிழைப்பவள். தட்டில் ஐந்து டம்ளர். ஆட்கள் நாலு பேர்.

"இன்னொண்ணு யாருக்கு அண்ணி?"

"இருக்கட்டும்" என்றாள் அண்ணி, மூடியைத் தேடி ஐந்தாவது டம்ளரை மட்டும் மூடியபடி.

"திருகெல்லாம் அருமை" என்றார் கண்ணாடிக்காரர். "உள்ள யாராவது கை வச்சிருக்காங்களா?"

"என் வீட்டுலயா?" என்றார் அண்ணன். அந்த இரண்டு சொல்லில் மூன்று தலைமுறைக் கௌரவம் இருந்தது. பாப்பா வானத்தைப் பார்த்தாள். அண்ணி தேநீரைப் பார்த்தாள்.

"திறக்க வேண்டாம். உங்க வாய்வார்த்தை போதும். பரிசோதகர் வார்த்தையை யார் பரிசோதிக்கறது? ஓட்டிக் காட்டுங்க."

வாசல் கதவுவரை நீண்ட சிமென்ட் பாதையில் பத்து மீட்டர் அளந்து சாக்பீஸில் கோடு போட்டிருந்தது. அண்ணன் பீரோவிலிருந்து எடுத்துவந்த ரிமோட்டை நெஞ்சோடு அணைத்து, ஏரியலை ஒவ்வொரு கணுவாக இழுத்தார். அவர் இழுத்த கம்பீரத்தைப் பார்த்தால் அது வானத்தில் போய் முட்டும் போலிருந்தது. பாப்பா குனிந்து பூதத்தின் சுவிட்சைப் போட்டாள்.

அண்ணன் கட்டைவிரலால் குச்சியை முன்னே தள்ளினார்.

பூதம் அசையவில்லை.

இன்னொரு முறை தள்ளினார். அசையவில்லை. முடிவெட்டிய புதுப் பிடரியில் வியர்வை அரும்பியது. கண்ணாடிக்காரர் பென்சிலை எடுத்தார். என் சக்கரம்தான் கடித்துக்கொண்டுவிட்டது, என் ஈறுதான் காலை வாரிவிட்டது, மூன்று மாதமாக மனுஷன் சட்டை மடிப்பைக் காத்தது இதற்காகத்தானா என்று பாப்பாவுக்குள் ஓடியது.

அப்போது பூதம் கிளம்பியது.

வெண்ணெயில் வழுக்கிய மாதிரி கிளம்பியது. நேராகப் போனது. கோட்டைத் தொட்டது. இடதுபக்கம் ஒடித்து, ஒரு சாண் வட்டத்தில் திரும்பி, கண்ணாடிக்காரரின் செருப்பை மரியாதையாக ஒதுங்கிக் கடந்து வந்தது. கண்ணாடிக்காரர் கைதட்டினார்.

எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். பாப்பா மட்டும் அண்ணன் கையைப் பார்த்தாள்.

வண்டி இடதுபக்கம் திரும்பிய பிறகுதான் அண்ணனின் கட்டைவிரல் இடதுபக்கம் போனது. வண்டி வேகம் குறைத்த பிறகுதான் விரல் பின்வாங்கியது. முன்னே போகிறவர் பின்னால் அவசரமாக நடந்து, "நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்கிற ஆள் மாதிரி அந்த விரல் பூதத்தைத் துரத்திக்கொண்டிருந்தது.

பூதம் அண்ணனின் காலடியில் வந்து நின்றது. பிறகு விருட்டென்று அரை விரல் முன்னே, அரை விரல் பின்னே, முன்சக்கரம் ஒரு துள்ளல்.

தும்மியது.

நிதானமாக இன்னொரு முறையும் தும்மியது.

"அட! இதுவும் செய்யுமா?" என்று குதூகலித்தார் கண்ணாடிக்காரர். "எழுதிட வேண்டியதுதான்!" பதிவேட்டைக் கதவருகே மதில்மேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றப் போனார்.

அண்ணனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பாப்பா அவர் கையிலிருந்த ரிமோட்டை மெல்ல வாங்கினாள். வாங்கியதுமே தெரிந்துவிட்டது. பிளாஸ்டருக்கும் பொடிக்கும் எடை பார்த்துப் பார்த்து அவள் கையே ஒரு தராசு.

"என்ன அண்ணா, காத்து மாதிரி இருக்கு?"

பின்மூடியைத் திறந்தாள். எட்டு பேட்டரிக்கான எட்டுக் குழியும் காலி.

"ஒழுகிடும்னு பதினோரு வருஷத்துக்கு முன்னாலயே எடுத்து வச்சேன்" என்றார் அண்ணன். குரலே எழும்பவில்லை. "திரும்பப் போட மறந்துட்டேன், பாப்பா."

"அப்ப இதை ஓட்டினது..."

"நான் இல்ல."

பாப்பா பூதத்தின் சிவப்பு உடம்பைத் தூக்கினாள். இந்தப் பழைய வண்டிகளில் ரிமோட்டில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக நகக்கண் அளவுக்கு இரண்டு அலைவரிசைக் கிரிஸ்டல் இருக்கும். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால்தான் ஒன்று சொல்வதை மற்றது கேட்கும். ரிமோட்டில் இருந்தது மஞ்சள்.

வண்டியில் இருந்தது நீலம்.

"நான் மாத்தல" என்றாள் பாப்பா அவசரமாக.

"அதை நானும் தொடல" என்றாள் அண்ணி. "அதை" என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள்.

அண்ணன் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் கேட்ட ஒரு வாக்கியம் இப்போதுதான் அவருக்குள் போய்ச் சேர்ந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நீயே ஓட்டிக்கோ, பார்க்கலாம். மஞ்சளை உருவி நீலத்தைச் செருகிவிட்டு, அதற்கு ஜோடியான இன்னொரு நீலத்தைத் தன்னிடமிருந்த வேறொரு ரிமோட்டோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் சின்னவன். மறுநாளே அண்ணன் ஓட்டிப் பார்த்திருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும். அவர் தூசிதான் தட்டினார்.

"சார்!" என்று மதிலிலிருந்து கூப்பிட்டார் கண்ணாடிக்காரர். "உரிமையாளர் உங்க பேர் எழுதிட்டேன். ஓட்டினவர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுலயும் உங்க பேர்தானே?"

ஆம் என்று ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பேனா முனை தாளுக்கு ஒரு நூல் மேலே நின்றது. பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தலை அசைவதற்குத் தயாராகக் கொஞ்சம் குனிந்தது.

பிறகு நிமிர்ந்தது.

"எழுதாதீங்க, சார்."

"ஏன்?"

"முப்பத்தாறு வருஷம் அடுத்தவன் டிக்கெட்ல போறவனை எல்லாம் பிடிச்சு இறக்கி விட்டிருக்கேன். இன்னைக்கு நானே அப்படிப் போயிட்டேன். வண்டியை ஓட்டினது நான் இல்ல. ரிமோட்ல பேட்டரியே இல்ல. உள்ள கிரிஸ்டலும் ஒரிஜினல் இல்ல."

கண்ணாடிக்காரர் கண்ணிலிருந்த குழாய் நழுவிப் பதிவேட்டில் விழுந்தது.

பாப்பாவால் பொறுக்க முடியவில்லை. "அண்ணா, கியரும் ஒரிஜினல் இல்ல. அது பல்செட். நான்தான்."

"இன்னொரு கியர் எம்பிராய்டரி மெஷின்" என்றாள் அண்ணி, தேநீரில் சர்க்கரையைக் கலக்கியபடியே. "அது நான்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் ஒரே பெட்டியில் இத்தனை வித்தவுட் டிக்கெட்டுகளை ஒன்றாகப் பிடித்ததில்லை.

"ஏங்க, இந்த வீட்டுல இந்த வண்டியைத் தொடாத ஆளே கிடையாதா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கேனே, நான் ஒருத்தன்" என்றார் அண்ணன். ஏரியலை மெதுவாக, ஒவ்வொரு கணுவாக, உள்ளே தள்ளினார்.

கண்ணாடிக்காரர் உரிமையாளர் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். ஆனால் பேனாவை மூடவில்லை. ஆவல் தாங்கவில்லை அவருக்கு. "எல்லாம் சரி. அப்ப இவ்வளவு சுத்தமா ஓட்டினது யாரு?"

"என் தம்பி."

"அவர் எங்க இருக்கார்?"

"தெரியாது, சார். பதினோரு வருஷமா தெரியாது." அண்ணன் வாசல் கதவுக்கு வெளியே பார்த்தார். எதிர்வரிசையில் நிறுத்தியிருந்த வேன், மூடிய பால்கடை, மாடிப் படிக்கட்டு, துணி உலரும் பால்கனி. "ஆனா இந்த ரேடியோ நூறு மீட்டருக்கு மேல எட்டாது."

பாப்பா மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். இன்றைக்கு நாலு மணிக்கு என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டுமே?

அண்ணி படியிலிருந்து எழுந்தாள். ஐந்தாவது டம்ளரைத் தொட்டுச் சூடு பார்த்தாள்.

"நூறு மீட்டர்தானே? கதவைத் திறந்து வைங்க" என்றாள் அண்ணனிடம். "ஆறிடப் போகுது."

அண்ணன் தாழ்ப்பாளில் கை வைத்தார். கை வைத்தவர் இழுக்கவில்லை. அவர் காலடியில், யாரும் தொடாமலே, பூதத்தின் முன்சக்கரங்கள் இரண்டும் மெல்ல வாசல் பக்கம் திரும்பின.